கட்டுமான நிறுவனம் எதில் கற்கிறது: அறிக்கையா, வாரக் கூட்டமா, கலையாத குழுவா?

தளத்துக்கு கான்கிரீட் போட்டு முடித்த பிறகுதான் குழாய்க்கு ஸ்லீவ் (பின்னால் குழாய் நுழைவதற்காக கான்கிரீட்டுக்கு முன்பே பதிக்கும் குழல்) வைக்காமல் விட்டது தெரிகிறது. கோர் கட்டிங் மெஷினை வரவழைத்துத் துளை போடுகிறார்கள். அதில் கம்பியும் சேர்ந்து அறுபடலாம். சரி, ஒருமுறை நடந்தது போகட்டும். அதே நிறுவனத்தின் அடுத்த கட்டடத்திலும் ஸ்லீவ் விடுபட்டால்? பட்டவர்கள் இப்போது வேறு சைட்டில் இருக்கிறார்கள், இங்கே இருப்பவர்களுக்கு விஷயமே தெரியாது.

இதற்கு வழக்கமான மருந்து, வேலை முடிந்ததும் எழுதும் ‘கற்ற பாடங்கள்’ அறிக்கை. செலவில்லை, தணிக்கைக்கும் காட்டலாம். ஆனால் அதை எழுதும் நேரத்தில் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள், மிச்சமிருப்பவர் இறுதி பில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ‘துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு மேம்பட வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுவார். எந்த டிராயிங்கில் விடுபட்டது, கான்கிரீட்டுக்கு முன் யார் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்காது.

வாரக் கூட்டம் வேறு ரகம். கட்டுமான மேலாண்மை ஆய்வாளர்களான கிளென் பல்லார்டும் கிரெக் ஹவெலும் 1990-களில் வளர்த்தெடுத்த ‘லாஸ்ட் பிளானர்’ முறையில், வேலையை நேரில் நடத்தும் ஃபோர்மேனே அடுத்த வாரம் எதை முடிப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். 20 வேலை சொல்லி 13 முடிந்தால் 65 சதவீதம். அந்த எண்ணைவிட, மிச்சம் 7 ஏன் நின்றது என்ற கேள்விதான் முக்கியம். டிராயிங் வரவில்லை, பொருள் வரவில்லை, முந்தைய வேலை முடியவில்லை என்று காரணங்களைக் குறித்துக்கொண்டே வந்தால், நாலைந்து வாரத்தில் எது திரும்பத் திரும்பக் காலை வாருகிறது என்று குழுவுக்கே தெரிந்துவிடும். கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் ஆட்கள் சேர்ந்து தளத்தில் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி இங்கேதான் பிறக்கும்.

இதையும் கெடுக்கலாம், சுலபமாகவே. சதவீதத்தை மதிப்பெண் ஆக்கினால் ஃபோர்மேன் குறைவாகவே வாக்குக் கொடுப்பார். முதல் ‘முடியல சார்’ வந்ததும் மேலாளர் கத்தினால், அடுத்த வாரம் முதல் எல்லாம் ‘முடிஞ்சுடும் சார்’தான். பயமில்லாமல் தவறைப் பேச முடிகிற குழுக்களில்தான் கற்றல் அதிகம் நடக்கிறது என்று ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1999-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்.

மூன்றாவது, குழுவைக் கலைக்காமல் வைத்திருப்பது. லண்டன் ஹீத்ரோவின் டெர்மினல் 5 நல்ல உதாரணம். விமான நிலைய நிறுவனமே இழப்பின் சுமையை ஏற்றுக்கொண்டதால், ஒப்பந்தக்காரர்கள் பழியைத் தள்ளிவிடும் கடிதங்களில் நேரத்தைக் கரைக்காமல் ஒரே குழுவாக உட்கார முடிந்தது. கூரையின் ஒரு பகுதியை வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் முன்கூட்டியே கோர்த்துப் பார்த்து, சிக்கல்களை அங்கேயே களைந்தார்கள். (2008-ல் திறந்த அன்று பயணிகளின் பெட்டிகள் சிக்கிக்கொண்ட கூத்து தனிக்கதை, கட்டடம் உரிய நேரத்தில் முடிந்திருந்தது.) ஆனால் இதற்கு ஆழமான பாக்கெட் உள்ள உரிமையாளர் வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்த டெண்டருக்கே வேலை என்றால், பழகிய சப் கான்ட்ராக்டர் கைவிட்டுப் போவார், அவர் கற்றதும் கூடவே போகும்.

தலைமை அலுவலகத்தில் தனியாகப் புதுமைப் பிரிவு வைப்பதும் உண்டு. பிரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் பாகங்கள்), புதிய கலவை போன்றவற்றைச் சோதிக்க அது தேவை. சைட்டின் அன்றாடத் தவறுகளுக்கு அதனால் பெரிய பயனில்லை.

ஒன்றுக்குத்தான் காசும் தெம்பும் இருக்கிறது என்றால் நான் வாரக் கூட்டத்தைத்தான் எடுப்பேன். அறிக்கையையும் அந்தக் காரணப் பட்டியலிலிருந்தே எழுதிவிடலாம். பல சைட்டிலும் ஒரே காரணம் தலைகாட்டினால் அப்போது அது புதுமைப் பிரிவின் வேலை. அவர்கள் கொண்டுவரும் மாற்று வழியை ஏதாவது ஒரு சைட்டில் முதலில் சோதித்தாக வேண்டும். அதனால் ஆகும் தாமதத்தைத் தலைமை அலுவலகக் கணக்கில் எழுதிக்கொண்டால்தான் எந்த மேலாளரும் அதற்குத் தலையாட்டுவார்.