விண்டோஸ் தானாக ஏறிவிடுகிறது, அதன்பின் மென்பொருள்கள்? ஆன்சர் ஃபைலுடன் என் அனுபவம்

ஆள் உட்காராமல் விண்டோஸ் நிறுவுவது இன்று பெரிய வித்தை இல்லை. ஆட்டோஅன்அட்டெண்ட் என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலை (செட்டப் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்கள் இருப்பதால் இதைத்தான் ஆன்சர் ஃபைல் என்கிறார்கள்) தயார் செய்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் பென் டிரைவில் நேராக வைத்துவிட்டால் போதும், மொழி, பார்ட்டிஷன், பயனர் கணக்கு எல்லாவற்றையும் செட்டப் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. விண்டோஸ் ஏறி முடிந்ததும் பிரவுசர், பிடிஎஃப் ரீடர், பிரிண்டர் டிரைவர், நம்முடைய சொந்த ஸ்கிரிப்ட் என்று ஒவ்வொன்றும் தானாக ஓட வேண்டுமே, அதற்கு விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் வசதி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? ஒரு பயிற்சிக் கூடத்தின் 24 கணினிகளைத் திரும்பத் திரும்ப அழித்து நிறுவும் வேலை என்னிடம் இருப்பதால், இதன் எல்லா வழிகளிலும் போய் வந்துவிட்டேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று எங்கே குறைகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்த வேலையில் எல்லோரும் கமாண்டை எப்படி எழுதுவது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அந்த கமாண்ட் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறது, எந்த நேரத்தில் ஓடுகிறது என்ற இரண்டும் தெரியாவிட்டால் சரியாக எழுதிய கமாண்டும் வேலை செய்யாது. கீழே சொல்லும் எல்லாப் பிரச்சினைகளும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து முடிகின்றன.

முதல் வழி செட்டப்கம்ப்ளீட் என்ற பேட்ச் ஃபைல், அதாவது கமாண்டுகளை வரிசையாக எழுதிய ஃபைல். விண்டோஸ் ஃபோல்டருக்குள் செட்டப், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ், அங்கே இந்த ஃபைல் இருந்தால் நிறுவல் முடிந்து லாகின் திரை வரும் முன்பே அது ஓடும். ஓடுவது சிஸ்டம் கணக்கில், அதாவது அட்மினுக்கும் மேலான அதிகாரத்தில். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. எல்லா இன்ஸ்டாலர்களையும் இதிலேயே வரிசையாக எழுதி, மாலையில் 24 கணினிகளையும் கிளப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் அத்தனை திரைகளிலும் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி கமாண்ட் விண்டோவைத் திறந்து, ஓடும் பிராசஸ்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பட்டியலில் ஒரு பிரிண்டர் டிரைவரின் இன்ஸ்டாலர் சும்மா உட்கார்ந்திருந்தது. என்ன நடந்தது என்றால், அது "ஒப்புக்கொள்கிறீர்களா" என்று ஒரு பெட்டியைக் காட்டிப் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறது. லாகினே நடக்காத கணினியில், சிஸ்டம் கணக்கில் வந்த பெட்டி யார் கண்ணிலும் படாது. ராத்திரி முழுக்க 24 கணினிகளும் அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்தன.

அதனால் செட்டப்கம்ப்ளீட் மோசம் என்று சொல்லமாட்டேன். ரிஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) மாற்றங்கள், ஃபைல் காப்பி, தேவையில்லாத சர்வீஸை நிறுத்துவது போன்ற வாயில்லாப் பூச்சி வேலைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். ஸ்கிரிப்ட் எந்த எர்ரர் கோடோடு முடிந்தாலும் செட்டப் அதைக் கண்டுகொள்ளாது. நடுவில் ரீஸ்டார்ட் செய்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, அப்படிச் செய்யவே கூடாது. அப்புறம், ஓஇஎம் கீ கொண்ட நிறுவலில் இந்த ஸ்கிரிப்ட் ஓடாது. கணினியோடு வந்த லைசென்ஸில் விண்டோஸ் ஏற்றுபவர்கள் "ஃபைல் அங்கேதான் இருக்கிறது, ஏன் ஓடவில்லை" என்று மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது வழி ஃபர்ஸ்ட்லாகான்கமாண்ட்ஸ். ஆன்சர் ஃபைலில் ஏழு கட்டங்கள் உண்டு. இது ஓஓபிஇ சிஸ்டம் என்ற கட்டத்தில், ஷெல் செட்டப் பகுதிக்குள் வரும். ஒவ்வொரு கமாண்டுக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கிறோம், முதல் லாகினில் அந்த வரிசைப்படி ஒரே ஒரு முறை ஓடுகின்றன. லாகின் செய்தது அட்மின் கணக்கு என்றால் முழு அட்மின் அதிகாரத்தோடு ஓடும். பயனரின் டெஸ்க்டாப் இருப்பதால், ஏதாவது பெட்டி வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். என் தேர்வு இதுதான், தயங்காமல் சொல்வேன். இதோடு, தானாகவே லாகின் செய்துகொள்ளும் ஆட்டோலாகானையும் சேர்த்தால்தான் ஆள் இல்லாமல் நடக்கும், இல்லையென்றால் யாராவது வந்து லாகின் செய்யும்வரை எதுவும் தொடங்காது.

இங்கேயும் சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன. காப்பி, டெல் போன்றவை தனி எக்ஸ்ஈ கிடையாது, கமாண்ட் விண்டோவுக்குள் இருப்பவை. அதனால் அவற்றை நேராக எழுதினால் ஓடாது, சிஎம்டி-யைக் கூப்பிட்டு அதன் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஆம்பர்சண்ட் (&) குறியை அப்படியே போட்டால் எக்ஸ்எம்எல்லே உடைந்துவிடும். பென் டிரைவ் எந்த எழுத்தில் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை: ஒரு கணினியில் டி, அடுத்ததில் எஃப். இதற்கு நான் செய்வது, பென் டிரைவில் ஒரு அடையாள ஃபைலை வைத்துவிட்டு, ஸ்கிரிப்ட் சி-யிலிருந்து இசட் வரை ஒவ்வொரு எழுத்தாகப் போய் அந்த ஃபைல் எங்கே இருக்கிறதோ அதையே மூலமாக எடுத்துக்கொள்ளும்படி எழுதுவது. இன்றுவரை கைவிட்டதில்லை.

தொடக்கத்தில் பதினைந்து இன்ஸ்டாலர்களையும் ஆன்சர் ஃபைலிலேயே பதினைந்து கமாண்டுகளாக எழுதி வைத்திருந்தேன். இப்போது ஒரே வரிதான்: பென் டிரைவைக் கண்டுபிடித்து, அங்கிருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டு. மற்றதெல்லாம் ஸ்கிரிப்டில். புதிதாக ஒரு மென்பொருள் சேர்க்க வேண்டுமென்றால் எக்ஸ்எம்எல்லைத் தொடவே வேண்டாம், அது தரும் நிம்மதியே தனி. ஸ்கிரிப்ட் பவர்ஷெல்லில் என்றால் எக்ஸிக்யூஷன் பாலிசியை பைபாஸ் என்று கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும், புதிதாக ஏறிய விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஃபைல்களை ஓட அனுமதிக்காது.

மூன்றாவது, ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் ரன்ஒன்ஸ். பெயரே சொல்கிறது, ஒரு முறை ஓடி மறைந்துவிடும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், அந்தப் பதிவு கமாண்ட் ஓடி முடிந்த பிறகு அழிவதில்லை, ஓடுவதற்கு முன்பே அழிந்துவிடுகிறது. நடுவில் ஒரு இன்ஸ்டாலர் தன்னிச்சையாகக் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டால் மீதி வேலை போயே போச்சு. பதிவின் பெயருக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் ஓடி முடித்த பிறகுதான் அழியும், நட்சத்திரக்குறி போட்டால் சேஃப் மோடிலும் ஓடும். கமாண்ட் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். மொத்த கணினிக்குமான ரன்ஒன்ஸ் என்றால் அட்மின் லாகின் செய்தால்தான் நகரும். சின்ன வேலைக்கு நல்லது. ஆனால் இரண்டு மூன்று ரீஸ்டார்ட் தாண்டிப் போகும் வேலைக்கு நான், சொன்ன நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலருக்கே போய்விடுகிறேன். ஸ்கிரிப்ட் தொடங்கியதும் "லாகின் ஆனதும் என்னை ஓட்டு" என்று தனக்கே ஒரு டாஸ்க் பதிந்துகொள்ளும். ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு எண்ணை ஃபைலில் எழுதிவைக்கும், ரீஸ்டார்ட் ஆகி வந்தால் அந்த எண்ணைப் படித்து அடுத்ததிலிருந்து தொடரும். கடைசிப் படி முடிந்ததும் அந்த டாஸ்க்கைத் தானே நீக்கிவிடும்.

இப்போது இன்ஸ்டாலர்கள். விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர் வடிவமான எம்எஸ்ஐ என்றால் கவலையே இல்லை, எதுவும் கேட்காமல் ஓடவைக்கும் கியூஎன் சுவிட்சும், ரீஸ்டார்ட்டைத் தடுக்கும் நோரீஸ்டார்ட்டும் போதும். எண்களையும் ஒழுங்காகத் திருப்பித் தருகிறது: 0 என்றால் வெற்றி, 3010 என்றால் வெற்றிதான் ஆனால் ரீஸ்டார்ட் தேவை, 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. 3010-ஐத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு நிற்கும் ஸ்கிரிப்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைத் திருத்துங்கள். எக்ஸ்ஈ இன்ஸ்டாலர்களில் அதை எந்தக் கருவியில் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்: இன்னோ செட்டப்பில் செய்தது என்றால் வெரிசைலன்ட் சுவிட்ச், என்எஸ்ஐஎஸ் என்றால் பெரிய எழுத்து எஸ். அங்கே சின்ன எஸ் போட்டால் அமைதியாக ஓடாமல் ஜன்னலைத் திறந்து நிற்கும். சில இன்ஸ்டாலர்கள் தன்னை டெம்ப் ஃபோல்டருக்குக் காப்பி எடுத்து அங்கிருந்து ஓடவிட்டு, முதல் பிராசஸை உடனே முடித்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் வேலை முடிந்தது என்று நினைத்து அடுத்த எம்எஸ்ஐயைத் தொடங்கும், அது 1618 சொல்லித் திரும்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. இப்போது 1618 வந்தால் முப்பது விநாடி காத்திருந்து மறுபடி முயலச் சொல்லியிருக்கிறேன்.

கமாண்ட் மூலம் மென்பொருள்களை இறக்கி நிறுவும் மைக்ரோசாஃப்டின் விங்கெட் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எனக்கும் அது பிடிக்கும், ஒரு ஜேசன் ஃபைலைக் கொடுத்தால் பட்டியல் முழுவதையும் இறக்கி ஏற்றிவிடும். ஆனால் நேரம் என்ற பிரச்சினை இங்கேயும் உண்டு. பயனர் முதல் முறை லாகின் செய்த பிறகு, பின்னணியில் தனியாக நடக்கும் ஒரு பதிவு முடிந்தால்தான் விங்கெட் கிடைக்கும். நம் ஸ்கிரிப்ட் அதற்கு முன்பே ஓடிவந்து கூப்பிட்டால் "அப்படி ஒரு கமாண்டே இல்லை" என்று பதில் வரும். கூப்பிடும் முன் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் காத்திருக்கும் ஒரு சுற்று கட்டாயம் வேண்டும். நெட் இணைப்புக்கும் இதே போல ஒரு சுற்று.

லினக்ஸில் இதே வேலைக்கு டெபியன் ப்ரிசீடின் லேட் கமாண்ட், ரெட்ஹேட் கிக்ஸ்டார்ட்டின் போஸ்ட் பகுதி, உபுண்டு சர்வரில் 20.04-இலிருந்து ஆட்டோஇன்ஸ்டால் என்று இருக்கின்றன. அவை நிறுவலின் கடைசியிலேயே ஓடுகின்றன, லாகினுக்காகக் காத்திருப்பதில்லை. அந்த வகையில் அங்கே வேலை சுலபம்.

ஆன்சர் ஃபைலில் எழுதும் பாஸ்வேர்டை மட்டும் கவனியுங்கள். மறைத்துவைக்கச் சொன்னாலும் அது வெறும் பேஸ்64 உருமாற்றம்தான், யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம். கணினியில் தங்கும் நகலிலிருந்து விண்டோஸ் அதை நீக்கிவிடுகிறது, ஆனால் பென் டிரைவில் அப்படியே இருக்கும். நான் நிறுவலுக்கு மட்டும் ஒரு தற்காலிக பாஸ்வேர்டை வைத்து, ஸ்கிரிப்டின் கடைசி வரிகளில் அதை மாற்றிவிட்டு, ரிஜிஸ்ட்ரியில் ஆட்டோலாகான் எண்ணிக்கையையும் 0 ஆக்கிவிடுகிறேன்.

ஏதாவது ஓடவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் பேன்தர், அதற்குள் அன்அட்டெண்ட்ஜிசி, அதில் செட்டப்ஆக்ட் என்ற லாக் இருக்கும், எந்த கமாண்ட் தொடங்கியது என்பது அதில் தெரியும். உங்கள் ஸ்கிரிப்டும் ஒவ்வொரு இன்ஸ்டாலரின் பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், திரும்பிய எண் நான்கையும் ஒரு ஃபைலில் எழுதட்டும். போன முறை 24-இல் ஒன்று மட்டும் பாதியில் நின்றது. லாகைத் திறந்தேன், பன்னிரண்டாவது வரியில் தொடங்கிய நேரம் இருந்தது, முடிந்த நேரம் காலியாக இருந்தது. பார்த்தால் அந்தக் கணினியின் நெட் கேபிள் கழன்று கிடந்தது. செருகிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன், பன்னிரண்டாவதிலிருந்தே தொடர்ந்தது.