எருசலேம் போனால் இந்தப் பச்சை குத்தும் கடைக்குப் போங்கள்

எருசலேம் பழைய நகரத்தில் யோப்பா வாசலுக்குப் பக்கத்திலேயே, கிறிஸ்தவர் பகுதியில் இருக்கிறது ரஸ்ஸூக் இங்க். 2023 பிப்ரவரியில் திருயாத்திரை போனபோது அங்கேதான் என் வலது மணிக்கட்டில் சிலுவை குத்திக்கொண்டேன்.

சின்னக் கடைதான். ஆனால் உள்ளே போனதும் நம் கண் போய் நிற்பது அந்த மரக்கட்டைகளில். ஒலிவமரத்தில் செதுக்கிய அச்சுகள், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. உயிர்த்தெழுதல், மாதா, குதிரைமேல் புனித ஜார்ஜ் என்று எத்தனையோ. ஓரங்கள் தேய்ந்து, மை ஊறிக் கறுத்துப்போய் இருக்கின்றன. இவர்களிடம் உள்ள அச்சு ஒன்றில் 1749 என்று ஆண்டே செதுக்கியிருக்கிறது.

ரஸ்ஸூக் குடும்பத்தார் எகிப்திலிருந்து வந்த காப்டிக் கிறிஸ்தவர்கள். எழுநூறு வருடமாகப் பச்சை குத்துகிறோம், இப்போது நடத்துகிற வசீம் 27ஆம் தலைமுறை என்கிறார்கள். அவருடைய தாத்தா யாக்கோப், கார் பேட்டரியில் ஓடும் மின் இயந்திரத்தை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர். 1950களில் ஜான் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் அவரிடமிருந்த அச்சுகளைப் படியெடுத்துப் புத்தகமாகவே போட்டார்.

யாத்திரை வந்ததற்கு அடையாளமாகச் சிலுவையும் அதன் கீழே ஆண்டும் குத்திக்கொள்வது இந்த ஊரில் பல நூற்றாண்டுப் பழக்கம். இங்கிலாந்து இளவரசர் எட்வர்டு கூட 1862இல் எருசலேம் வந்தபோது குத்திக்கொண்டு போயிருக்கிறார். நான் எடுத்தது எருசலேம் சிலுவை: நடுவில் பெரியது ஒன்று, சுற்றிலும் சின்னது நான்கு. இயேசுவின் ஐந்து திருக்காயங்கள் என்று எங்கள் வீட்டில் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

கட்டையில் மை தடவி, மணிக்கட்டில் ஒரே அழுத்து. எடுத்தபோது ஐந்து சிலுவையும் பிசிறில்லாமல் பதிந்திருந்தன. அப்புறம் என் கண்முன்னாலேயே புது ஊசியின் உறையைப் பிரித்து, அந்தக் கோட்டின் மேலேயே குத்தினார்கள். நரம்பு ஓடுகிற இடத்தில் சுள்ளென்று இருந்தது, மற்றபடி தாங்கக்கூடிய வலிதான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தூத்துக்குடியில் எங்கள் ஆச்சியின் முன்கையிலும் ஒரு சிலுவை இருந்தது. தெருவில் கூவிக்கொண்டு வந்த குறத்தி குத்தியது. கரியைத்தான் குத்துகிறார்கள், தோலுக்கு அடியில் போனதும் அது பச்சையாகத் தெரிகிறது. ஆச்சி போன பிறகு அந்தக் கைதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். மணிக்கட்டில் மை பதிந்த அந்த நொடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்களைக் கூட்டிப்போன பயண ஏற்பாட்டாளர் இதற்கென்று நேரமே ஒதுக்கவில்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத்தான் ஓடினேன். நீங்கள் கிளம்பும் முன்பே பேசி அரை நாள் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, யோர்தானில் இறங்குவது, சாக்கடலில் மிதப்பது எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாகக் குத்திக்கொள்ளுங்கள். குத்திய புண் ஆறும்வரை தண்ணீரில் ஊறக் கூடாது, உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. எனக்கு மறுநாள்தான் சாக்கடல். எல்லோரும் மிதக்க, நான் செருப்புகளுக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்திருந்தேன்.