ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நம்பி ஏமாந்தேன்: பழைய பென்ஸ் 300 டி.டி. வாங்கப் போகிறவர்களுக்கு

ஜெர்மனியில் பழைய டீசல் பென்ஸ் வாங்கும் எண்ணத்தில் யாராவது இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன அக்டோபரில் 9,800 யூரோ கொடுத்து 1983ஆம் வருட 300 டி.டி. ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கினேன். விற்றவர் ரூர் பகுதியில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் பழைய கார் வியாபாரி. வண்டி இப்போது ஒரு மெக்கானிக்கின் கொட்டகையில், சக்கரம் கழற்றி, கட்டை மேல் நிற்கிறது.

இந்த வண்டி மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று சொன்னால்தான் நான் எப்படி விழுந்தேன் என்பது புரியும். என் தாய்மாமா திண்டுக்கல் பக்கம் இருபது வருடம் டெம்போ டிராக்ஸ் ஓட்டினார். அதில் இருந்தது பென்ஸிடம் உரிமம் வாங்கி இந்தியாவில் செய்த ஓ.எம். 616 என்ற 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல். ஐரோப்பாவில் 240 டி காரில் ஓடியதும் இதே இன்ஜின்தான். 300 டி.டி.யில் உள்ள ஓ.எம். 617 அதற்கு உடன்பிறப்பு; ஒரு சிலிண்டர் கூடுதல், 3 லிட்டர், 88 குதிரைத்திறன். விடியற்காலையில் மாமா வண்டியை எடுக்கும்போது ஜன்னல் கம்பி அதிரும். அந்தச் சத்தத்தைப் பல வருடம் கழித்து இங்கே ஒரு சிக்னலில் கேட்டேன். அன்றே மனதில் முடிவாகிவிட்டது.

வண்டியும் சாதாரண வண்டி இல்லை. 1977இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள். 1978 முதல் 1986 வரை பிரேமன் ஆலையில் கட்டினார்கள். பென்ஸ் தன் சொந்தத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரித்த முதல் ஸ்டேஷன் வேகன் இதுதான். பெயரில் முதலில் வரும் 'டி' (T) என்ற எழுத்துக்குச் சுற்றுலாவும் சரக்கும் என்று பொருள் சொன்னார்கள். ஓட்டம் வேகமில்லை, 150 கி.மீ. தாண்டினால் மூச்சு முட்டும். ஆனால் நிதானமாக ஓட்டினால் லட்சக்கணக்கில் கிலோமீட்டர் தாங்கும் இன்ஜின். டர்போ வைத்த 125 குதிரைத்திறன் மாடலும் உண்டு. எனக்கு அது வேண்டாம், டர்போ இல்லாததுதான் வேண்டும் என்று தேடினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் மனைவியும் சொன்ன நேரத்துக்குப் போய் இறங்கியபோது வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் சூடு பண்ணி வைத்தேன்" என்றார் வியாபாரி. எனக்குக் காது முழுக்க மாமா வண்டி. ஓட்டிப் பார்த்தோம். அவர் காட்டிய வழியில்தான் போனோம். புதிதாகத் தார் போட்ட நல்ல சாலை. திரும்பி வந்து சாவியைத் திருப்பப் போனேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தடுத்தார். "விடுங்கள், ஓடட்டும். இந்த டீசலுக்கு நிறுத்தி நிறுத்தி எடுப்பது ஆகாது." நான் தலையாட்டினேன். உள்ளே போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் வரை வெளியே அது ஓடிக்கொண்டே இருந்தது. நான்கு நாள் கழித்து நம்பர் பலகையோடு வண்டியை எடுக்கப் போனபோதும் அப்படித்தான், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் டீசல் போட நிறுத்தினேன். சாவியைத் திருப்பி வெளியே எடுத்தேன். இன்ஜின் நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்கிறது, வண்டி பாட்டுக்கு ஓடுகிறது. பின்னால் காத்திருந்தவர் ஹார்ன் அடிக்கிறார். கடைசியில் பானெட்டைத் தூக்கி, டீசல் பம்ப் பக்கத்தில் 'ஸ்டாப்' என்று எழுதியிருந்த சின்ன நெம்புகோலை விரலால் அழுத்திய பிறகுதான் அடங்கியது.

இந்த இன்ஜினை மின்சாரம் நிறுத்துவதில்லை, வெற்றிடத்தின் உறிஞ்சல் நிறுத்துகிறது. சாவியைத் திருப்பினால் ஒரு மெல்லிய குழாய் வழியாக வெற்றிடம் பம்பின் மேல் உள்ள சின்னக் குடுவைக்குப் போய் டீசலை அடைக்கும். அதே வெற்றிடத்தில்தான் நான்கு கதவுப் பூட்டும் வேலை செய்கிறது. எங்கோ ஒரு கதவுக்குள் ரப்பர் சவ்வு கிழிந்தால் போதும், இன்ஜின் நிற்காது. பெரிய செலவு இல்லை, இடது பின் கதவில் சவ்வு மாற்றினேன், சரியாகிவிட்டது. கோளாறு சின்னதுதான். அதை மறைக்க அவர் என் கையைத் தடுத்தாரே, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மறுநாள் காலை 4 டிகிரி குளிர். ஸ்டார்ட்டர் நீளமாகச் சுற்றியது. அப்புறம் பிடித்தது, ஆனால் வண்டியே குலுங்கியது, பின்னால் தெரு முழுக்க வெள்ளைப் புகை. குளிரில் ஸ்டார்ட் ஆவதற்குச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஐந்தில் இரண்டு வேலை செய்யவில்லை. சூடான இன்ஜினில் இது தெரியவே தெரியாது.

அன்று மாலை மாமாவிடம் போனில் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா மாப்ளே?"

"இல்ல மாமா, நாங்க போகும்போதே ஓடிட்டு இருந்துச்சு."

"ஆஃப் பண்ணிக் காட்டுனாரா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கீழ படுத்துப் பாத்தியா?" என்றார் பிறகு.

படுத்துப் பார்த்திருந்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக, மழமழவென்று, புது அண்டர்கோட்டிங் (துருத்தடுப்புப் பூச்சு) அடித்திருந்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று அன்று சந்தோஷப்பட்டேன். நாற்பது வயது வண்டிக்கு அடியில் புதுக் கறுப்பு என்றால் அது பராமரிப்பு இல்லை, போர்வை. பழைய பென்ஸ் மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் என் கையில் சின்ன காந்தம் ஒன்றைக் கொடுத்தார். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில் வைத்தேன். முன்பக்கம் ஒட்டியது. ஜாக்கி மாட்டும் துளைக்குப் பக்கத்தில் வைத்ததும் வழுக்கித் தரையில் விழுந்தது. அங்கே இரும்பே இல்லை. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே ஃபைபர் துணி, துணிக்குப் பின்னால் வெறும் துருத்தூள். கையை வைத்ததும் ஈரமான டீத்தூள் மாதிரி உதிர்ந்தது. நான்கு ஜாக்கித் துளைகளில் மூன்று இப்படி. பின் சக்கர வளைவின் உள்பக்கமும், சரக்குப் பகுதியின் பக்கவாட்டில் ஸ்டெப்னி நிற்கும் குழியும் அதே கதி. வெல்டிங் வேலைக்கு மட்டும் 6,000 யூரோ கேட்கிறார், அது நியாயமான தொகைதான்.

தாமாகவே உயரம் சரிசெய்யும் பின் சஸ்பென்ஷன் இந்த ஸ்டேஷன் வேகன் எல்லாவற்றிலும் ஆலையிலேயே வந்தது. இன்ஜின் ஓட்டும் ஒரு சின்ன பம்ப் எண்ணெயை அழுத்தி, எவ்வளவு சுமை ஏற்றினாலும் பின்பக்கத்தைச் சம உயரத்தில் நிறுத்தும். பக்கத்துக்கு ஒன்றாக, நைட்ரஜன் வாயு அடைத்த இரண்டு உருண்டைகள்தான் அதில் மெத்தை மாதிரி. வருடங்கள் போகப் போக வாயு போய்விடும். அப்புறம் பின்பக்கம் பலகை மாதிரி இறுகிவிடும். ஆட்டோபான் நெடுஞ்சாலையில் பால இணைப்பு ஒவ்வொன்றிலும் முதுகில் அடி விழுந்தபோதுதான் அந்தப் புதுத் தார் சாலையின் அர்த்தம் எனக்கு விளங்கியது. பார்க்கப் போகும்போது பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். மெல்ல அமுங்கி எழ வேண்டும். அசையாவிட்டால் உருண்டைகள் செத்துவிட்டன. இன்ஜின் ஓடும்போது இரண்டு பேரைப் பின்னால் உட்கார வையுங்கள், சிறிது நேரத்தில் வண்டி தானாக நிமிர வேண்டும்.

மீட்டரில் 2,14,000 கி.மீ. மெக்கானிக் பேட்டரியைத் தூக்கியபோது தட்டின் அடியில் ஒட்டிக்கிடந்த ஒரு அட்டை கிடைத்தது. இங்கே ஆயில் மாற்றினால் பானெட்டுக்குள் கம்பியில் கட்டிவிடுவார்களே, அந்த அட்டை. எண்ணெய் படிந்து பழுப்பாகியிருந்தாலும் பேனா எழுத்து தெளிவாக இருந்தது: 2011, அடுத்த மாற்றம் 3,48,000. ஜெர்மனியில் மீட்டரைத் திருப்புவது 2005 முதல் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் திருப்பியது யார் என்று நிரூபிக்க வேண்டுமே. இடையில் மூன்று உரிமையாளர்கள்.

அதைவிட முக்கியம் எச் பலகை, அதாவது பாரம்பரிய வண்டிக்குத் தரும் நம்பர் பலகை. 30 வருடம் தாண்டி, நல்ல நிலையில், அசல் தன்மையோடு இருக்கும் வண்டிக்குத்தான் அது கிடைக்கும். அது இருந்தால் வருட வரி 191 யூரோ 73 சென்ட். சூழல் மண்டலம் என்று புகை அதிகம் விடும் வண்டிகளைத் தடுக்கும் நகரங்களுக்குள்ளும் போகலாம். இல்லாவிட்டால் வடிகட்டி இல்லாத இந்தப் பழைய 3 லிட்டர் டீசலுக்கு வரியே 1,100 யூரோவைத் தாண்டும், பல ஊர்களுக்குள் நுழையவும் முடியாது. என் வண்டியின் கட்டாயத் தகுதிச் சோதனைக் காலம் இன்னும் சில மாதத்தில் முடிகிறது. இந்தத் துருவோடு போனால் சோதனையும் தேறாது, எச் தகுதியும் நிற்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

பத்திரத்தைக் கையெழுத்துப் போடும்போது நான் படித்தேன், ஆனால் ஒரு வரியின் கனம் அப்போது தெரியவில்லை: 'வாடிக்கையாளர் சார்பில் விற்பனை'. கடைக்காரர் தன் பெயரில் தனிநபருக்கு விற்றால் குறைபாட்டுப் பொறுப்பை முழுதாகக் கைகழுவ முடியாது. பழைய வண்டிக்கும் குறைந்தது ஒரு வருடம் அவர் பொறுப்பு. தனிநபருக்குத் தனிநபர் விற்றால் அந்தப் பொறுப்பை நீக்கிக்கொள்ளலாம். அதனால்தான் யாரோ ஒருவர் பெயரைப் போட்டு, தான் வெறும் தரகர் என்று எழுதிவிடுகிறார்கள். நான் அந்த உரிமையாளரைப் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. தெரிந்தே மறைத்த குறைக்கு எந்த விலக்கு வரியும் செல்லாது என்று வக்கீல் சொன்னார், சட்டம் அப்படித்தான். ஆனால் கோர்ட்டுக்குப் போனால் நிபுணர் அறிக்கைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். இரண்டு கடிதம் போன பிறகு வியாபாரி 2,500 யூரோ திருப்பித் தந்தார். வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாதோ என்று இன்னும் சில ராத்திரி தோன்றுகிறது.

இன்ஜின் மட்டும் என்னைக் கைவிடவில்லை. புது ஹீட்டர் பிளக் போட்டு, டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. என்று வைத்ததும் குளிரில் ஒரே சுற்றில் பிடிக்கிறது. அதனால்தான் விற்க மனம் வரவில்லை. வெல்டிங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்க்கிறேன்.

போன வாரம் அதே கடையில் இதே வகை ஸ்டேஷன் வேகன் இன்னொன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வெளிர்நீலம், 240 டி.டி. விளம்பரத்தில் 'வாடிக்கையாளர் சார்பில்' என்று இருக்கிறது, படத்தில் அடிப்பக்கம் கறுப்பாக மினுங்குகிறது. அந்தப் பக்கம் யாராவது பார்க்கப் போகிறீர்கள் என்றால், போவதற்கு முன் எனக்கு எழுதுங்கள், நானும் காந்தத்தோடு வருகிறேன். முதல் நாள் இரவே கடைக்குப் போன் செய்து, நாங்கள் வரும்வரை இன்ஜினைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். போய் இறங்கியதும் முதலில் பானெட் மேல் கையை வைத்துப் பாருங்கள்.