ஆள் ஒன்று, கடல் மூன்று: ஹேவ்லாக், திருகோணமலை, துலம்பென்

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகிற படகில் ஏறினால் முதலில் வரும் கேள்வி, "சார், ஒருத்தர்தானா?" ஓட்டலில் சாவி வாங்கும்போது ஒரு தடவை, சாப்பிட உட்காரும்போது ஒரு தடவை, டைவ் கடையில் கையெழுத்துப் போடும்போது இன்னொரு தடவை. சுற்றிலும் மருதாணி மங்காத கைகளோடு புதுமணத் தம்பதிகள். நடுவில் நான், மாஸ்க்கும் காலில் மாட்டும் ஃபின்ஸும் திணித்த ஒரு பையோடு.

நண்பர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, மீதிப் பேருக்கு லீவு கிடைக்காது. அதனால் ஸ்கூபாவுக்கு (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) நான் போவதெல்லாம் தனியாகத்தான். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: தனியாகப் பயணம் போவது வேறு, தனியாகத் தண்ணீருக்குள் இறங்குவது வேறு. பின்னதற்கென்றே எஸ்டிஐ (SDI), பாடி (PADI) போன்ற டைவ் பயிற்சி அமைப்புகள் தனிப் பயிற்சி வைத்திருக்கின்றன. அதில் சேரவே 100 டைவ் முடித்திருக்க வேண்டும். நான் அறுபதைத்தான் தாண்டியிருக்கிறேன். ஆகவே போகிற ஊரில் யாரோ ஒருவரின் படகு, யாரோ ஒருவர் துணை. எந்தக் கடலில் எவ்வளவு மீன் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒற்றை ஆளாகப் போய் நின்றால் எந்தக் கடல் இறங்க விடுகிறது என்பதுதான் என் கணக்கு.

காலண்டர் பாதிப் பஞ்சாயத்தைத் தீர்த்துவிடும். அந்தமானுக்கு நவம்பரிலிருந்து மே தொடக்கம் வரை. இலங்கையின் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. வாடைக்காற்று தொடங்கினால் கடை கட்டிவிடுவார்கள். (அந்த மாதங்களில் ஹிக்கடுவ, கொழும்புப் பக்கம் கடல் தெளியும். அது தனிக் கதை.) பாலியின் வடகிழக்கில் இருக்கும் துலம்பெனில் வருஷம் முழுக்க இறங்கலாம், ஜனவரி பிப்ரவரி மழையில் மட்டும் கொஞ்சம் கலங்கும். ஆக ஹேவ்லாக்கா திருகோணமலையா என்று உண்மையிலேயே மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியது ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில் லீவு கிடைத்தவர்கள் மட்டும்தான்.

ஹேவ்லாக்கை முதலில் முடித்துவிடலாம். 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், டைவ் கடைகளில் இன்னும் ஹேவ்லாக்தான். ஒற்றை ஆளுக்கு அங்கே இருக்கும் பெரிய சௌகரியம், படகு எப்படியும் கிளம்பும். சீசனில் ஒவ்வொரு கடையும் தினமும் காலையில் ஆள் ஏற்றுகிறது, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். நீங்கள் ஒருத்தர் என்பதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. ஜானீஸ் கார்ஜ் என்ற டைவ் இடத்தில் பாறையைச் சுற்றி வெள்ளியாகத் திரும்பும் மீன் கூட்டத்தைப் பார்த்தவர்கள் வேறு சான்று கேட்க மாட்டார்கள். 2010இல் கடல் சூடேறி வெளுத்துப்போன பவளப்பாறைகள் ஆழம் குறைந்த இடங்களில் இன்னும் சுமாராகத்தான் இருக்கின்றன. நல்லதெல்லாம் கொஞ்சம் ஆழத்தில். டிக்சன்ஸ் பினக்கிள் என்ற கடலடிப் பாறையின் உச்சியே 18 மீட்டருக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். முதல் படியான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் உங்களை விடுவதும் அந்த 18 வரைக்கும்தான். அடுத்த படியான அட்வான்ஸ்டு முடிக்காமல் போனால் பந்தி முடிந்தபின் மண்டபத்துக்குப் போன மாதிரி.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. தனியாக வந்தவரை யாரோடாவது சேர்த்துவிடுவார்கள், அந்த யாரோ யார் என்பது லாட்டரி. என் இரண்டாவது நாள் துணைக்கு அதற்கு முன்னால் இருந்தது ஐந்தே டைவ், பயம் வேறு. நீருக்கடியில் கையால் துடுப்புப் போட்டுக்கொண்டே வந்தார். 26ஆவது நிமிடத்தில் அவருடைய காற்றழுத்த மீட்டர், மேலேறியாக வேண்டிய 50 பாரைத் தொட்டது. என்னுடையது 120. குழு மொத்தமும் மேலே. பணம் கொடுத்த காற்றில் பாதிக்கு மேல் சிலிண்டரிலேயே திரும்பிப் போனது. அவர்மேல் கோபமில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். ஆனால் முதல் நாள் என்னுடைய டைவ் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்ட கடை, ஆள் சேர்க்கும்போது அந்தத் தாளைப் பார்க்கவேயில்லை.

மூழ்கிய கப்பலுக்காக ஹேவ்லாக் போக வேண்டாம். எம்.வி. மார்ஸ் என்று சின்னதாக ஒன்று கிடக்கிறது, ஆழமும் அதிகமில்லை, பழகிப் பார்க்க நல்லது. அவ்வளவுதான்.

திருகோணமலைக்கு வருகிறேன். இங்கே நான் நடுநிலை காக்க முடியாது. வாழ்க்கையில் முதன்முறையாக டைவ் விளக்கத்தைத் தமிழில் கேட்டது அங்கேதான். "தம்பி, இண்டைக்கு நீரோட்டம் கொஞ்சம் கூட. கயித்த விடாம இறங்குங்க" என்றார் படகுக்காரர். நாம் பவளப்பாறை என்பது அவர்களுக்கு முருகைக்கல். எத்தனை தடவை ஆங்கிலத்தில் கேட்டிருந்தாலும், அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாய்மொழியில் கேட்கும்போது வயிற்றில் ஒரு முடிச்சு அவிழ்கிறது. தனி ஆளுக்கு அது சின்ன விஷயமில்லை.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்கு நேர் கீழேயே இறங்கலாம். சம்பந்தர் பாடிய அதே கோணமாமலை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளிய கற்கள் சில கீழே கிடக்கின்றன. 1956இல் மைக் வில்சன் என்ற டைவர் அங்கிருந்து ஒரு லிங்கத்தை மேலே கொண்டுவந்தார். நான் பார்த்தது ஒரு தூண். முக்கால்வாசி பாசியும் கடற்பஞ்சும் மூடியிருந்தது, ஒரு பக்கத்தில் மட்டும் உளியின் நேர்கோடு. அதன் முனையில் சதுரமாகச் செதுக்கிய ஒரு குழி, கல்லோடு கல்லைப் பொருத்துவதற்கு. குழிக்குள்ளிருந்து விரல் அளவு மீன் ஒன்று தலையை நீட்டி என்னை முறைத்துவிட்டு உள்ளே போனது. மேலே வந்து படகுக்காக மிதந்துகொண்டிருந்தபோது மலையிலிருந்து மணிச்சத்தம். எத்தனை மீன் பார்த்தேன் என்று லாக் புத்தகத்தில் அன்றைக்கு எழுதவில்லை.

நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 2003இல் தேசியப் பூங்காவானது. கருமுனைச் சுறாக் குட்டிகள் முழங்கால் தண்ணீரிலேயே வட்டமடிக்கும். பார்க்க வேண்டியதுதான், ஆனால் சிலிண்டர் வீண். மேலே மிதந்தபடி குழாயில் மூச்சுவிட்டுப் பார்க்கும் ஸ்நார்கெல் போதும், அதுவும் கூட்டம் வந்து முருகைக்கல்லை மிதிக்கத் தொடங்கும் முன்பே போய்விட வேண்டும்.

மனம் முழுக்கக் கப்பல்மேல் இருந்ததால் அங்கிருந்து தெற்கே இறங்கினேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரைந்த முதல் கப்பல் அது. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தது. அன்றைக்கு அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். இன்று 50 மீட்டருக்கும் கீழே பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவுக்கு எல்லை 40 மீட்டர். ஆகவே அதற்கும் கீழே போகக் கற்றுத்தரும் டெக்னிக்கல் பயிற்சி இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது கதை மட்டும். "ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே" என்று யாராவது ஆசை காட்டினால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அதே நாள் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் பிரிட்டிஷ் சார்ஜன்ட் நமக்கு எட்டும். 25 மீட்டருக்குள், கல்குடா, பாசிக்குடாப் பக்கம். அதற்காகத்தான் போனேன். போய் இரண்டு நாள் காத்திருந்தேன். அங்கே பேச்சு தலைக்கு இவ்வளவு என்று இல்லை, படகுக்கு இவ்வளவு. மூன்று பேராவது சேர்ந்தால் கட்டுப்படியாகும். முதல் நாள் நான் மட்டும். இரண்டாம் நாள் ஒரு ஜெர்மன் தம்பதி வருவதாகச் சொன்னார்கள், அவர்களுக்குக் காதுவலி. முழுப் படகையும் நானே எடுத்தால் ஆகும் தொகையைக் கேட்டபோது எனக்கும் காது வலித்தது. கடைசியில், இடுப்பளவு தண்ணீரிலேயே வெகுதூரம் நடக்க முடிகிற பாசிக்குடாக் கடலில் குழந்தைகளோடு குழந்தையாக நடந்துவிட்டு வந்தேன்.

இப்போது துலம்பென். இதே 1942இன் ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணையில் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி அமெரிக்கச் சரக்குக் கப்பலான லிபர்டியை டார்பிடோவால் அடித்தது. இழுத்துப் போகும் வழியிலேயே தண்ணீர் ஏறிவிட, துலம்பென் கரையில் தரைதட்ட விட்டார்கள். (அந்தமானில் ஜப்பானியர் இறங்கியது மார்ச் 23. எனக்குப் பிடித்த மூன்று கடலும் நான்கு மாதத்துக்குள் ஒரே போரில் சிக்கியவை என்பது மூன்றுக்கும் போய்வந்த பிறகுதான் உறைத்தது.) கரையில் 21 வருஷம் கிடந்த லிபர்டியை 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் தள்ளிவிட்டது. அதனால் இன்று ஏறத்தாழ 120 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில், 5 மீட்டரில் தொடங்கி 30 மீட்டர் வரை சரிந்து கிடக்கிறது. ஹெர்மிஸுக்குக் கிடைக்காத ஆழம் இதற்குக் கிடைத்தது. ஒற்றை ஆளுக்கு வேண்டியதும் இதுதான், ஏனென்றால் படகே வேண்டாம்.

படகு வேண்டாம் என்றால் ஆள் சேர்க்க வேண்டாம். சிலிண்டருக்கு இவ்வளவு, வழிகாட்டிக்கு இவ்வளவு. எனக்கு மூன்று நாளும் ஒரே வழிகாட்டி, வேறு யாரும் கூட இல்லை. என் காற்று தீரும்வரை நீருக்குள் இருந்தேன். இரண்டாம் நாளே நான் எதைப் பார்த்து நிற்பேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

விடியற்காலை ஆறு மணி. கருங்கல் உருண்டைகள் நிறைந்த கரை, ஒவ்வொன்றும் தேங்காய் அளவு, காலை வைத்தால் உருளும். ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் சிலிண்டரைப் படுக்கவைத்து, கையை விட்டுவிட்டு அந்தக் கற்கள்மேல் நடந்து போகிறார்கள். எடையே இல்லாத ஃபின்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால் தடுமாறிய எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே கறுப்பு மணல் சரிவு, அதில் புல் முளைத்த மாதிரி ஆடிக்கொண்டிருந்த விலாங்குகள், கிட்டே போனால் மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் இருட்டில் ஒரு சுவர். சுவர் இல்லை, கப்பலின் விலா. அதன்மேல் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் ஒரு மந்தையாகப் பவளத்தைக் கடித்துக்கொண்டிருந்தன. அவை கடிக்கும் நறநறப்பு தண்ணீருக்குள் நன்றாகவே கேட்டது. பத்து மணிக்கு மேல் தெற்கு பாலியிலிருந்து வேன் வேனாக ஆட்கள் இறங்குவார்கள், அப்போது லிபர்டி கோயம்பேடு ஆகிவிடும். அதனால் துலம்பெனிலேயே தங்க வேண்டும், போய்த் திரும்பும் கதை வேண்டாம்.

பாலிக்குக் குறை இல்லையா? இருக்கிறது. பெரும்பாலும் விமானம் மாறிப் போக வேண்டும், விசாவுக்கு 5 லட்சம் ரூபியா கட்ட வேண்டும் (கேட்டதும் மயக்கம் வரும், நம் காசில் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவோ கூடவோதான்). சைவச் சாப்பாடு என்றால் டெம்பேயும் (புளிக்கவைத்த சோயாக் கட்டி) சோறும், திரும்பவும் டெம்பேயும் சோறும். மாலை ஏழுக்கு மேல் ஊர் அடங்கிவிடும், பேச்சுத்துணை கிடையாது.

திரும்பி வருவதையும் கணக்கில் எடுங்கள். பல நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவர்களின் பொது விதி; உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம். ஹேவ்லாக்கில் இதற்காகவே ஒரு நாள் போகும், அதை செல்லுலார் சிறைக்கு வைத்துக்கொள்ளலாம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வந்து சேரவே அரை நாள், அதனால் இழப்புக் குறைவு. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிற நாளாகப் பார்த்து வந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், கடல் மட்டத்திலேயே ஊர் வந்துவிடலாம். துலம்பெனில்தான் ஏமாறுவோம். "வழியில் கிந்தாமணி எரிமலை பார்த்துவிட்டுப் போகலாம் சார்" என்பார் டிரைவர். அது ஆயிரம் மீட்டருக்கு மேலே. மதியம் டைவ் முடித்த கையோடு மலை ஏறுவதும் விமானம் ஏறுகிற மாதிரிதான். கரையோரச் சாலையில் போகச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால்: சான்றிதழ் வாங்கி ஐந்தாறு டைவ்தான் ஆகியிருக்கிறது என்றால் ஹேவ்லாக், கூடவே அட்வான்ஸ்டு படிப்பையும் அங்கேயே முடித்துவிடுங்கள். அங்கே என்னைப் போன்ற ஒருவரோடு சேர்த்துவிடப்படுகிற ஆள் நீங்களாக இருந்தால், மேலே எழுதியதற்கு முன்கூட்டியே மன்னிப்பு. இருபது டைவ் தாண்டியவர், தனியாள், கப்பல்தான் வேண்டும் என்றால் துலம்பென், யோசிக்கவே வேண்டாம். தனியாக திருகோணமலை போகிறவர்கள் கோணேசர் தூண்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெற்கே போவதானால் ஆளோடு போங்கள்.

பாசிக்குடாவில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த படகுக்காரர் என் எண்ணை வாங்கி வைத்திருக்கிறார். மே மாதம் பிறந்ததும் ஒரு குரல் செய்தி வரும்: "தம்பி, கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க." இதுவரை ஒருத்தர் சம்மதித்திருக்கிறார். அவருக்கு இன்னும் நீச்சல் தெரியாது.