பொம்மை ரயில் பார்க்க ஹாம்பர்க்கா, புனேயா? ஒரு செங்கோட்டைக்காரனின் கணக்கு

புனலூரில் கட்டிக்கொடுத்த தங்கச்சியின் வீட்டுக்காரர் போன வாரம் போன் போட்டார். "மச்சான், பெரிய லீவுக்குப் பையனுக்குப் பொம்மை ரயில் காட்டணும். நீங்க ரெண்டு இடமும் பார்த்தவரு. ஜெர்மனியா புனேயா, ஒரே வார்த்தையில சொல்லுங்க." ஒரே வார்த்தையில் புனே என்றேன். மாப்பிள்ளைக்குத் திருப்தி இல்லை. கையில் வளைகுடாக் காசு வைத்திருக்கிற ஆளிடம் புனே என்றால் கஞ்சத்தனம் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் இருக்கும், அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஜெர்மனியின் ஹாம்பர்க். எனக்குக் கப்பல் வேலை. அந்தத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது கிடைத்த ஒரு பகலை அப்படியே மினியாட்டூர் வுண்டர்லாண்டில் கழித்தேன். காப்பிக்கொட்டையும் மசாலாச் சாமானும் அடுக்கி வைத்திருந்த ஸ்பைஷெர்ஷ்டாட் என்கிற பழைய செங்கல் கிட்டங்கிகளில் இருக்கிறது. ப்ராவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001ல் திறந்தார்கள். உலகத்திலேயே பெரிய மாடல் ரயில்பாதை என்று கின்னஸில் ஏறிய இடம். தண்டவாளம் மட்டும் 16 கிலோமீட்டர் என்றால் முதலில் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே எல்லாம் 87ல் ஒரு பங்கு அளவு. சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்கிற நம் ரயில் பெட்டி 21 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதை 87ஆல் வகுத்தால் ஒரு சாண் வருகிறது. அதே கணக்கில் 16 கிலோமீட்டரைப் பெருக்கிப் பார்த்தால், செங்கோட்டையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்த் திரும்பிய பிறகும் பாதை மிச்சம் இருக்கும்.

ரயிலுக்காகப் போன நான் ரயிலை விட்டுவிட்டு மற்றதைத்தான் அதிக நேரம் பார்த்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். 2011ல் திறந்த குட்டி விமான நிலையம் ஒன்று இருக்கிறது, கற்பனை ஊர்தான். விமானம் மெதுவாக ஊர்ந்து வந்து ஓடுபாதையில் திரும்பி, வேகம் பிடித்து, மூக்கைத் தூக்கி எழும்பி, சுவருக்குள் போய் மறைகிறது. அடியில் மெல்லிய கம்பிகள்தான் தாங்குகின்றன, தெரிந்து பார்த்தாலும் வாய் மூடாது. சாலையில் ஓடும் குட்டி லாரிகள் தாமாகவே வளைவில் திரும்புகின்றன. சாலைக்கு அடியில் இரும்புக் கம்பி பதித்திருக்கிறார்கள், வண்டியின் முன்சக்கரத்தோடு சேர்ந்த காந்தம் அதைப் பிடித்துக்கொண்டே போகிறது. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பகல் இரவாகி, லட்சக்கணக்கான குட்டி விளக்குகள் எரிகின்றன. ஸ்காண்டிநேவியப் பகுதியில் நிஜத் தண்ணீரில் கப்பல் ஓட்டுகிறார்கள், அந்தத் தண்ணீருக்குக் கடல் மாதிரி ஏற்ற இறக்கம் வேறு உண்டு. கடலிலேயே கிடக்கிறவன் காசு கொடுத்துக் கடலைப் பார்த்தேன், போங்கள். எல்லாவற்றையும் ஓட்டுகிற கட்டுப்பாட்டு மேடையையும் ஒளித்து வைக்கவில்லை, வரிசையாகத் திரைகளோடு நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் மொத்தத்தில் மிகவும் பிடித்தது.

அப்படியிருக்க ஏன் புனே? பையனுக்கு ஏழு வயது, அதனால்தான். குழந்தை நூறு ரயிலைப் பார்க்காது. ஒரு சிவப்பு இஞ்சினைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும், அது குகைக்குள் போனால் வெளியே வருகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஹாம்பர்க்கில் அது சுவிட்சர்லாந்து மலைக்குள் நுழைந்தால் எந்த மாடியில், எந்த அறையில் தலைகாட்டுமோ யாருக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத உள்பக்க நிறுத்துமிடங்களில் போய் நின்றுவிடுவதும் உண்டு. நமக்கு அது பிரமிப்பு, அவனுக்கு ரயிலைத் தொலைத்த துக்கம்.

புனேயில் கோத்ருட் பக்கம் இருக்கும் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் ஒரே கூடம். பாவ் ஜோஷி என்ற மனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த ஆசை, 1998 ஏப்ரல் 1ல் திறந்தது. அங்கேயும் அதே 87ல் ஒரு பங்குதான். நீராவி இஞ்சினிலிருந்து அதிவேக ரயில் வரை ஒரே ஊருக்குள் ஓடுகிறது, சர்க்கஸ் கூடாரமும் நீச்சல் குளமும் கூட உண்டு. ஏறத்தாழ 25 நிமிடக் காட்சி. விளக்கம் சொல்லிக்கொண்டே போவார்கள், விளக்கை அணைத்து ஊரை இரவாக்குவார்கள். இந்தப் பக்கம் குகைக்குள் போனது அந்தப் பக்கம் வரும், நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். என் பையன் இரண்டாவது சுற்றிலேயே "இப்போ வரும் பாரு" என்று என் சட்டையை இழுத்தான். ஆரியங்காவு குகையில் வண்டி நுழையும்போது நாங்கள் சின்ன வயதில் கத்தின கத்தல்தான் ஞாபகம் வந்தது.

குறையும் இருக்கிறது. இடம் சின்னது, ஒரு காட்சி பார்த்தால் முடிந்தது, பெரியவர்களுக்கு முழு நாள் தாங்காது. அதற்காக மட்டும் கொல்லம் போய் வண்டி பிடித்து ஒன்றரை நாள் உட்கார்ந்து போவது கொஞ்சம் அதிகம்தான். ஷனிவார் வாடா, சிங்ககட் கோட்டை என்று இன்னும் இரண்டு நாள் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஹாம்பர்க்கில் நிலைமை நேர் எதிர்: உள்ளே போன பிறகு ஐந்து மணி நேரமும் போதாது, ஆனால் உள்ளே போவதற்குள் விசா, விமானம், நேரம் குறித்து முன்பதிவு செய்த டிக்கெட் என்று மூன்று வாசல் தாண்ட வேண்டும். பையன் பன்னிரண்டு பதின்மூன்று வயதாகி, எப்படி ஓடுகிறது என்று கேட்கத் தொடங்கட்டும். அப்போது அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

சென்னை ஐசிஎஃப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தையும் மாப்பிள்ளை கேட்டார். அங்கே நிற்பது நிஜ இஞ்சினும் நிஜப் பெட்டியும், ஏறி உட்கார்ந்து சுற்ற ஒரு குட்டி ரயிலும் உண்டு. நல்ல இடம்தான், ஆனால் இந்தப் போட்டியில் அது வேறு சாதி. நிஜமே வேண்டும் என்றால் இவர்கள் ஏன் சென்னை வரை போக வேண்டும்? புனலூரில் ஏறி இங்கே செங்கோட்டைக்கு வருகிற வழியிலேயே கழுதுருட்டியில் பதிமூணு கண்ணறப் பாலம், அதாவது பதிமூன்று வளைவு வைத்த ரயில் பாலம் இருக்கிறது, 1904ல் ஓடத் தொடங்கிய பாதை. பையனை ஜன்னலோரம் உட்கார வைத்தால் போதும், இறங்கினதும் பார்டர் புரோட்டா என் செலவு.

மாப்பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். புனேயில் மாடல் ரயில் விற்பனையும் உண்டு. ஒரு இஞ்சினோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் நானும் வாங்கினேன். இஞ்சினுக்குப் பெட்டி வேண்டும், பெட்டிக்குத் தண்டவாளம் வேண்டும், தண்டவாளத்துக்கு மேசை வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் சாப்பாடு தரையில்தான்.