ஸ்டெர்ன் டிரைவ் படகில் ஏழு பருவங்கள்: சூடேறிய எஞ்சினும் காரணம் தேடிய வழியும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள சிம்கோ ஏரியில், 20 அடி நீளமுள்ள ஒரு பொழுதுபோக்குப் படகை ஏழு பருவங்களாக ஓட்டி வருகிறேன். பழைய படகாகவே வாங்கினேன். 4.3 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின் படகின் பின்பகுதிக்குள் இருக்கிறது. அதன் விசையைப் பின்சுவருக்கு வெளியே தொங்கும் டிரைவ் புரொப்பல்லருக்குக் கொண்டுசெல்கிறது. இதுதான் ஸ்டெர்ன் டிரைவ் அமைப்பு. மே நடுப்பகுதியில் தண்ணீரில் இறக்கி, அக்டோபர் முதல் வாரத்தில் கரையேற்றுவது வழக்கம். இதுவரை 400 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும் இந்தப் படகில் எனக்கு வந்த பெரிய தொல்லை எஞ்சின் சூடேறுவது ஒன்றுதான். அது மூன்று முறை வந்தது. மூன்று முறையும் காரணம் வேறு. ஆனால் இரண்டாவது காரணத்தை நான் அரைகுறையாகத் தீர்த்ததிலிருந்தே மூன்றாவது பிறந்தது என்பதால், அதை விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் தண்ணீர் போகும் பாதையைச் சொல்ல வேண்டும். காரில் இருப்பதுபோல் இதில் ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரே எஞ்சினுக்குள் ஓடிக் குளிர்விக்கிறது. டிரைவின் அடிப்பகுதியில் இருக்கும் துளைகள் வழியாக நுழையும் தண்ணீரை, அதற்குள்ளேயே சுழலும் இம்பெல்லர் என்ற ரப்பர் இதழ்ச் சக்கரம் மேலே தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் பின்சுவரைக் கடந்து, பவர் ஸ்டியரிங் எண்ணெயைக் குளிர்விக்கும் சிறிய கூலருக்குள் புகுந்து, குறிப்பிட்ட சூட்டில் திறந்து தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உறையை அடைந்து, எஞ்சினைச் சுற்றிவந்து, புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் இரு பக்கத்து எக்சாஸ்ட் மேனிஃபோல்டுகளையும் அவற்றின் மேல் பூட்டிய ரைசர்களையும் குளிர்வித்துவிட்டுப் புகையோடு வெளியேறுகிறது. இந்த வரிசை மனதில் இல்லாமல் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது என்பது நான் தாமதமாகக் கற்ற பாடம்.

என் படகில் எஞ்சின் வெப்பநிலைக் காட்டி பாரன்ஹீட்டில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் 160 பாகையில், அதாவது ஏறத்தாழ 71 செல்சியஸில் திறக்கும் வகை. ஆகவே முள் 160-ஐ ஒட்டி நிற்பதுதான் அதன் இயல்பு.

முதல் கோடையில் நடந்தது எளிய விஷயம். கரையோரப் பாசிக்கொடிகளுக்குள் ஓட்டியதும் முள் ஏறியது. எஞ்சினை நிறுத்தி, டிரைவை உயர்த்திப் பார்த்தால் உறிஞ்சும் துளைகளைக் கொடிகள் இறுகச் சுற்றியிருந்தன. கையால் பிய்த்தெறிந்ததும் சரியாகிவிட்டது.

மூன்றாம் பருவத்தில் ட்ரென்ட்–செவர்ன் நீர்வழியில், சிம்கோ ஏரியிலிருந்து கிழக்கே கிர்க்ஃபீல்ட் படகுத்தூக்கியைப் பார்க்கப் புறப்பட்டோம். 386 கிலோமீட்டர் நீளமான அந்த நீர்வழியின் இந்தப் பகுதி பெரும்பாலும் ஒடுங்கிய கால்வாய். வேக எல்லை மணிக்கு 10 கிலோமீட்டர். நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் ஐந்து நீர்ப்பூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எஞ்சினை நிறுத்தி, பிறகு மீண்டும் இயக்க வேண்டும். மீண்டும் இயக்கும்போது முள் சற்று உயர்ந்து காட்டும். ஓடாத எஞ்சினில் தேங்கும் வெப்பமே அதற்குக் காரணம். புதுத் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் ஒரு நிமிடத்துக்குள் அது இறங்கிவிட வேண்டும். முதல் இரண்டு பூட்டுகளில் இறங்கியது. மூன்றாவதற்குப் பிறகு இறங்கவில்லை. சுக்கான் பிடித்திருந்த மைத்துனர்தான் முதலில் கவனித்தார்: "மச்சான், ஊசி கீழ வரேல்லை, இது வேற சூடு." அவர் இலங்கையின் வடமராட்சிக் கரையில் வளர்ந்தவர். அங்கே படகில் எஞ்சினைப் பூட்டி இயக்கியதும், பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்த பிறகே கடலுக்குப் போவார்கள். என்னுடைய ஸ்டெர்ன் டிரைவில் அப்படியொரு துளை இல்லை. தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் காண வழியில்லாததை இந்த அமைப்பின் மிகப் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

நியூட்ரலில் வைத்துச் சற்றே வேகம் கூட்டியதும் முள் இறங்கியது. குறைத்ததும் மறுபடி ஏறியது. குறைந்த வேகத்தில் மட்டும் சூடாகி, வேகம் கூட்டினால் ஆறுகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இம்பெல்லரை. தேய்ந்த ரப்பர் இதழ்களும் வேகமாகச் சுழன்றால் ஓரளவு தண்ணீரைத் தள்ளிவிடும். மெதுவாகச் சுழலும்போதுதான் அவற்றின் பலவீனம் வெளிப்படும். அன்று மேலே போகாமல் நிறுத்தி நிறுத்தித் திரும்பினோம். வார இறுதியில் டிரைவின் கீழ்ப்பகுதியைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு இதழ்கள் வேரோடு பிய்ந்திருந்தன. மீதி இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருந்தன. உறையோடு சேர்த்துப் புதியது பூட்டினேன்; குறை தீர்ந்தது. ஆனால் பிய்ந்த அந்த இரண்டு இதழ்கள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. இந்த அனுபவம் முழுவதிலும் நான் செய்த உண்மையான தவறு அது.

அடுத்த பருவத்தில் நிலைமை தலைகீழானது. கால்வாயில் எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் முள் 160-இலேயே நின்றது. திறந்த ஏரியில் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டிப் பத்து நிமிடம் ஓடினால் 190-ஐ நெருங்கியது. வேகத்தைக் குறைத்ததும் இறங்கியது. வீட்டு முற்றத்தில், உறிஞ்சும் துளைகளின் மேல் ரப்பர்க் கிண்ணங்களை மாட்டித் தோட்டக் குழாய்த் தண்ணீரில் இயக்கிப் பார்த்தேன். எந்தக் குறையும் தெரியவில்லை. அதை நம்பியது பிழை: குழாய்த் தண்ணீர் தன் அழுத்தத்தோடு வருவதால் பம்பின் பலவீனம் மறைந்துவிடும், சுமையில்லாமல் இயங்கும் எஞ்சின் ஏரியில் ஓடும்போது உண்டாக்கும் வெப்பத்தை உண்டாக்காது. வேகத்தில் வரும் சூட்டைத் தண்ணீரில் வைத்துத்தான் ஆராய வேண்டும்.

முதலில் காட்டி உண்மை சொல்கிறதா என்று பார்த்தேன். அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் உறையின் கறுப்பு வண்ணப் பரப்பில் பிடித்தேன். பளபளப்பான உலோகத்தில் பிடித்தால் அது தவறாகக் காட்டும். காட்டியில் 190 என்றால் கருவியில் 187. ஆகவே சென்சரும் கம்பிகளும் குற்றமற்றவை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சமையல் வெப்பமானியோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினேன். 71 செல்சியஸைத் தாண்டியதும் ஒழுங்காகத் திறந்தது. பழையதாக இருந்ததால் புதியது போட்டேன்; சூடு குறையவில்லை.

அப்போது ஒரு பழுதுபார்ப்பு நிலையத்தில் காட்டினேன். மேனிஃபோல்டுகளையும் ரைசர்களையும் இரு பக்கமும் மாற்ற வேண்டும் என்றார்கள். கடலில் ஓடும் படகுக்கு அது நியாயமான ஊகம்; உப்புநீர் அந்த வார்ப்பிரும்புப் பாகங்களைச் சில ஆண்டுகளிலேயே அரித்துத் துருவால் அடைத்துவிடும். என் படகோ நன்னீரை விட்டு வெளியே போனதில்லை. மேலும், ஏரியில் ஓடி வேகத்தைக் குறைத்த உடனே இரண்டு ரைசர்களையும் அளந்திருந்தேன். வழக்கமாக 45 செல்சியஸ் அளவில் இருப்பவை இரண்டும் 60-ஐ ஒட்டி, ஏறக்குறைய சமமாக இருந்தன. ஒரு பக்கம் அடைத்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கொதிக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு சூடானால், தண்ணீர் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு முன்பே தடை இருக்கிறது என்பதே பொருத்தமான முடிவு. பெருஞ்செலவுக்கு ஒப்புக்கொள்ளாமல் படகைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

மிகவும் பயன்பட்டது வாளிச் சோதனை. படகைத் துறையில் கட்டி, எஞ்சின் அறை மூடியைத் திறந்து, காற்றோட்ட விசிறியை ஓடவிட்டுப் பெட்ரோல் வாடை இல்லை என்பதை உறுதிசெய்த பின், கூலருக்குள் நுழையும் ஹோஸைக் கழற்றி 20 லிட்டர் வாளிக்குள் விட்டோம். மைத்துனர் எஞ்சினை நிமிடத்துக்கு 1,000 சுற்றில் 15 விநாடி மட்டும் இயக்கினார். ஏறக்குறைய 8 லிட்டர் வந்தது. அந்த ஹோஸைத் திரும்பப் பூட்டி, கூலரிலிருந்து வெளியேறும் ஹோஸைக் கழற்றி அதேபோல் அளந்தோம். ஐந்து லிட்டர்கூட வரவில்லை. ஒரு சாண் நீளமுள்ள அந்தக் கூலருக்குள் மூன்று லிட்டருக்கும் மேல் தடுக்கப்பட்டிருந்தது.

கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். கூலரின் வாயில், குறுகிய குழாய்களின் முகப்பை மூடியபடி, போன ஆண்டு பிய்ந்த ரப்பர் இதழ்களின் துண்டுகள் கிடந்தன. அவற்றின் மேல் பாசி நாரும் மணலும் படிந்து, நடுவில் ஸீப்ரா சிப்பியின் உடைந்த ஓடுகளும் சிக்கியிருந்தன. 1988-இல் பேரேரிகள் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட அந்த அந்நியச் சிப்பி, பிறகு சிம்கோ ஏரியிலும் பரவிவிட்டது. கோடை முழுவதும் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகின் உறிஞ்சும் துளைகளுக்குள்ளும் அது ஒட்டி வளரக்கூடியது. மெதுவாக ஓடும்போது எஞ்சினுக்குத் தேவையான சிறிதளவு தண்ணீர் இந்த அடைப்பைத் தாண்டி வந்துவிட்டது. வேகத்தில் தேவை பெருகியபோதுதான் போதாமல் போயிற்று. வளைந்த முனையுள்ள இடுக்கியால் துண்டுகளை எடுத்து, எதிர்த்திசையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு மறுபடி அளந்தபோது ஏழரை லிட்டர் வந்தது. மறுநாள் 3,500 சுற்றில் அரை மணி நேரம் ஓட்டியும் முள் 160-ஐ விட்டு அசையவில்லை.

அதன் பிறகு இம்பெல்லரை ஒவ்வொரு வசந்தத்திலும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுகிறேன். அக்டோபரில் எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீரை முழுவதும் வடித்து, உறைதடுப்புத் திரவம் ஊற்றி நிறுத்தும்போது, பல மாதங்கள் ஒரே நிலையில் அமுங்கிக் கிடக்கும் ரப்பர் இதழ் அந்த வளைவிலேயே இறுகிப்போகிறது. தண்ணீரில்லாமல் தவறுதலாகச் சிறிது நேரம் இயக்கினாலும் கருகிவிடுகிறது. கீழ்ப்பகுதியைக் கழற்றிப் பூட்ட எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. பம்பை எஞ்சின் முகப்பிலேயே பூட்டியிருக்கும் படகுகளில் இதைவிட எளிது. புதிதாகப் படகு வாங்க நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கேட்டறிய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். ரைசர்களின் இயல்பான வெப்பத்தையும், வாளியில் விழும் தண்ணீரின் அளவையும் படகு நன்றாக ஓடும் காலத்திலேயே குறித்துவைப்பது நல்லது. நான் குறித்துவைத்திருந்த 45 என்ற எண்தான் இரண்டு மேனிஃபோல்டுகளின் செலவைத் தவிர்த்தது.

கழற்றும் பழைய இம்பெல்லரை மேசையில் வைத்து இதழ்களை எண்ணுகிறேன். ஒன்று குறைந்தாலும் கூலரைத் திறந்து அதைக் கையில் எடுத்த பிறகே படகு ஏரிக்குப் போகிறது. இந்த மே மாதம் எண்ணியபோது எல்லாம் இருந்தன. ஜூலையில் கிர்க்ஃபீல்ட் வரை போய், 1907-இல் திறக்கப்பட்ட அந்தப் படகுத்தூக்கியில் 15 மீட்டர் ஏறித் திரும்பினோம். ஐந்து நீர்ப்பூட்டுகளிலும் மீண்டும் இயக்கியபோது முள் சற்றே உயர்ந்து, நிமிடத்துக்குள் தன் இடத்துக்கு இறங்கியது.