மாடித் தோட்ட ஹைட்ரோபோனிக்ஸுக்கு எந்த மீடியா? வாங்கிப் பார்த்ததில் என் மதிப்பீடு

மண் இல்லாமல் வளர்க்கிறோம், சரி, மண்ணுக்குப் பதில் எதைப் போடுவது என்று கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் அன்றைக்குக் கையில் எந்த ஸ்டாக் இருக்கிறதோ அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கோகோபீட், களிமண் உருண்டை, பெர்லைட், ராக்வூல், ஸ்பான்ஜ் என்று ஐந்தையும் சென்னை மொட்டை மாடி வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: கரண்ட் போய், செடிக்குத் தண்ணீர் அனுப்பும் மோட்டார் நின்றால் அந்த மீடியாவில் செடி எவ்வளவு நேரம் தாங்கும்? அடுத்தது, அது நம் தண்ணீரில் எதைக் கலக்கிறது. விலையெல்லாம் அப்புறம்தான்.

கோகோபீட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நமக்குச் சுலபமாகக் கிடைப்பது அதுதான். தேங்காய் மட்டையில் இருந்து நார் பிரிக்கும்போது உதிர்கிற தூள் இது, பொள்ளாச்சிப் பக்கம் இதை அழுத்திக் கட்டியாக்கி உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். 5 கிலோ கட்டி ஒன்று ஊறி உதிர்ந்தால் 60, 70 லிட்டர் வரும், விலையில் வேறு எந்த மீடியாவும் கிட்டே வராது. தண்ணீரையும் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மே மாத மதியத்தில் சொட்டுநீர் நின்றுபோனாலும் பக்கெட்டில் இருக்கிற தக்காளி சாயங்காலம் வரை வாடாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு எல்லாம் இருக்கும், உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் இன்னும் அதிகம். "கழுவியது, லோ ஈ.சி." (அதாவது உப்பு குறைவு) என்று மேலே அச்சடித்து எனக்கு வந்த ஒரு கட்டியை ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து, கைப்பிடி எடுத்துப் பிழிந்து, டீ டிகாஷன் மாதிரி இறங்கிய அந்தத் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் எண் ஆயிரத்தைத் தாண்டிப் போனது. அதில் ஊட்டச்சத்துக் கரைசலையும் ஊற்றினால் நாற்றின் இலை ஓரம் கருகாமல் என்ன செய்யும்? கடைக்காரரிடம் சொன்னதற்கு "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார். அந்தக் கடைக்கு நான் திரும்பப் போகவில்லை, இப்போது எந்தக் கட்டி வந்தாலும் பிழிந்து மீட்டரில் பார்க்காமல் செடி வைப்பதில்லை. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்தால் இந்த எண் கணிசமாக இறங்கிவிடும். போர் தண்ணீரே உப்பாக இருக்கிற வீடுகளில் அதே தண்ணீரால் கழுவிப் பிரயோஜனம் இல்லை, மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வேண்டும்.

கழுவினால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். கோகோபீட் துகள் தன் மேல் ஒட்டியிருக்கும் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விட்டுவிட்டு, நாம் ஊற்றுகிற கரைசலில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். நாம் சரியாகத்தான் உரம் கொடுத்திருப்போம், ஆனால் செடிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் கழுவிய பிறகு லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வடித்து, மறுபடி ஒரு முறை அலசிவிட வேண்டும். கால்சியம் நைட்ரேட்டை எப்சம் உப்போடு (மக்னீசியம் சல்ஃபேட்) ஒரே டப்பாவில் கெட்டியாகக் கலக்காதீர்கள், வெள்ளையாகப் படிந்துவிடும். "பஃபர் செய்தது" என்றே விற்கிற கட்டிகளும் இருக்கின்றன, கொஞ்சம் விலை கூட, ஆனால் இந்த வேலை முழுக்க மிச்சம். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சூடாக்கிப் பொரித்த வெள்ளைக் குருணை) சேர்த்துப் பக்கெட்டில் போடுவதுதான் என் தேர்வு. தனி கோகோபீட் நாள் போகப் போக அழுந்தி, வேருக்குக் காற்று குறைந்துவிடுகிறது.

பைப்பில் தண்ணீர் சுற்றுகிற என்.எஃப்.டி. அமைப்பில் மட்டும் கோகோபீட்டைப் போடாதீர்கள். தூள் நெட் பாட் (செடி நிற்கும் சல்லடைக் கிண்ணம்) ஓட்டை வழியாக இறங்கித் தொட்டிக்குப் போய் மோட்டார் வலையை அடைத்துவிடும்.

அங்கே களிமண் உருண்டை. களிமண்ணைச் சூளையில் ஏறக்குறைய 1,200 டிகிரியில் சுட்டுப் பொரியவைத்தது, உள்ளே முழுக்கக் காற்றுத் துளைகள். வாங்கியதும் ஒரு கூடையில் கொட்டிக் குழாயடியில் வைத்துக் கிளறினால் செங்கல் நிறத்தில் தண்ணீர் ஓடும், அது தெளியும் வரை அலச வேண்டும், அப்புறம் ஒரு நாள் ஊறவைக்க வேண்டும். வேருக்கு இதைவிடக் காற்றோட்டம் தருவது வேறில்லை, கரைசலின் அளவுகளையும் பெரிதாக மாற்றாது. ஆனால் என் முதல் கேள்வியில் இது தோற்றுப்போகிறது. தண்ணீர் நின்றால் வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும், லெட்டூஸ் அதற்கும் முன்னால் தலை சாய்ந்துவிடும். இன்வெர்ட்டரில் மோட்டாரை இணைக்க முடியாதவர்கள் கீரைக்கு க்ராட்கி முறைக்கு மாறுவது நல்லது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் க்ராட்கி பரப்பிய முறை அது. மோட்டாரே கிடையாது, வேர் கரைசலிலேயே தொங்குகிறது, உருண்டையின் வேலை தண்டை நிமிர்த்திப் பிடிப்பது மட்டும்தான்.

ராக்வூல் பற்றி வெளிநாட்டு வீடியோக்களில் ஓயாமல் சொல்வார்கள். பாறையை உருக்கி நூலாக இழுத்த பஞ்சு, டென்மார்க்கில் 1969 முதலே பயிருக்குப் பயன்படுத்துகிறார்கள். முளைப்பு அருமையாக இருந்தது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் காரத்தன்மை கொண்டது என்பதால் பி.எச். 5.5 அளவுக்கு லேசாக அமிலமாக்கிய தண்ணீரில் ஊறவைத்தே ஆக வேண்டும், நறுக்கும்போது நார் தோலில் பட்டு அரிக்கிறது, முடிந்த பிறகு மக்கவும் மக்காது. வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. கீறல் போட்ட ஒரு அங்குல ஸ்பான்ஜில் விதையைச் செருகி ஈரமாக வைத்தால் லெட்டூஸும் பாலக்கும் அதே மாதிரி முளைக்கின்றன, விலையும் குறைவு. ஸ்பான்ஜும் மக்காதுதான், சின்னத் துண்டு என்பதால் ஏற்றுக்கொள்கிறேன்.

பெர்லைட்டைத் தனியாக வாங்கி எதையும் வளர்க்க நான் சொல்ல மாட்டேன், தண்ணீர் ஏறினால் மிதந்துவிடும். மூட்டையைப் பிரித்ததும் மேலே தண்ணீர் தெளித்துவிட்டுக் கொட்டுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

அறுவடை முடிந்த கோகோபீட்டை வேரைப் பிய்த்து எடுத்துவிட்டு, அலசி, மறுபடி கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து இன்னொரு பயிருக்குப் போடலாம். வேரழுகல் வந்த பக்கெட்டாக இருந்தால் மட்டும் அப்படிச் செய்யாமல் உரக்குழியில் கொட்டிவிடுங்கள். களிமண் உருண்டையோ ஆண்டுக்கணக்கில் வரும், மேலே வெள்ளையாக உப்புப் படிந்தால் ஒரு ராத்திரி நல்ல தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும்.